களத்துக் கால்

இப்போதெல்லாம் ஒரு மனுஷனைப் பார்த்து சவுக்கியமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. கேட்டால் நம்பர் சொல்கிறான். சாப்பாட்டுக்கு முந்தி நூற்று நாற்பது, பிந்தி இருநூற்றுப் பத்து, பிரஷர் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு. டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்தால் நாலு நம்பர். ஒருத்தன் நம்பர் பெரிசாக இருந்தால் பக்கத்தில் இருக்கிறவன் முகம் சுருங்கிப்போகிறது, தன்னுடையது சின்னதாகப் போய்விட்டதே என்று. இது போதாதென்று செல்போனை நீட்டி, யாரோ தாடிக்காரன் கஷாயம் காய்ச்சுவதைக் காட்டுகிறார்கள். நான் டாக்டரையும் நம்புகிறவன் இல்லை, தாடிக்காரனையும் நம்புகிறவன் இல்லை. ஆனால் நம்பர் கிடைக்காத நோயாளியை இந்த ஊர் என்ன பாடு படுத்தும் என்று எதிர்வீட்டிலேயே பார்த்தேன். படுத்தினவர்களில் நானும் ஒருத்தன். அதை மறைக்கப் போவதில்லை.

எதிர்வீடு வீரமணியுடையது. சொந்தமாகக் குட்டியானை லோடு வண்டி வைத்து மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றுகிறவன். அவன் அம்மா அம்மாக்கண்ணு என்னைவிட மூன்று வயது சின்னவள். வாய் மட்டும் பத்து வயது பெரியது. வீரமணியின் பெண்சாதி தனகோட்டி. அவள் திண்டிவனம் ரோட்டு அரிசி மில்லில் பதினெட்டு வருஷமாகக் களத்து வேலை செய்கிறாள். அதே மில்லில் நான் முப்பது வருஷம் மூட்டை தூக்கினேன். இடுப்பு போன பிறகு முதலாளி ராமகிருஷ்ணன் களத்துக்குக் காவல் போட்டார். மாடு, ஆடு, காக்கை, கோழி எல்லாவற்றையும் விரட்டுவது என் வேலை. அதோடு மனுஷனையும் விரட்டுவேன், காலில் செருப்பு இருந்தால்.

அவித்த நெல்லைக் களத்தில் கொட்டினால் அது கொதிக்கக் கொதிக்க ஆவி விடும். பலகையால் தள்ளிப் பரப்பிவிட்டு, பெண்கள் வரிசையாக நின்று காலாலேயே நெல்லைக் கீறிக்கொண்டு நடப்பார்கள். ஒரு காலை இழுத்து வைத்தால் ஒரு சால். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி, திரும்பவும் அந்தக் கோடி. அடியில் இருக்கிற ஈர நெல் மேலே வரும், மேலே காய்ந்தது கீழே போகும். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்று எவனும் அளந்ததில்லை. அளந்தால் எங்கள் ஊர் ராஜகிரி மலையை மூன்று தரம் ஏறி இறங்கின கணக்கு வரும்.

நெல் காய்ந்ததா என்று சொல்வது ஒருத்தர்தான். எங்கள் களத்தில் அது தனகோட்டி. காய்ச்சல் குறைந்தால் அரிசி மாவாகும், கூடினால் உடைந்து நொய்யாகும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அது அவள் உள்ளங்காலுக்குத் தெரியும். நடந்துகொண்டே இருப்பாள், திடீரென்று நின்று, "போதும், குமிங்க" என்பாள். முதலாளி ஒரு மெஷின் வாங்கிவந்து ஈரம் பார்த்தார். மெஷினும் அவளும் ஒன்றையே சொன்னார்கள். மறு வருஷம் மெஷின் கெட்டுப்போனது. அதை ரிப்பேர் செய்யக்கூட அவர் ஆளைத் தேடவில்லை.

நெல் மேல் செருப்புக் கால் படக்கூடாது. லட்சுமி. இதை நான் புதிதாகச் சொல்லவில்லை, களம் என்று ஒன்று இருந்த நாளிலிருந்து அப்படித்தான். முதலாளியின் மருமகன் மெட்ராஸிலிருந்து வந்து பளபளவென்ற பூட்ஸோடு நெல்லில் கால் வைத்தபோது, "இறங்குய்யா" என்று கத்தினேன். மாப்பிள்ளை முகம் சிவந்துபோனார். முதலாளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன தை மாசத்தில் தனகோட்டிக்குக் கால் எரிய ஆரம்பித்தது. முதலில் விரல் நுனி, பிறகு பாதம் முழுக்க. மிளகாய்த்தூளைப் பூசின மாதிரி இருக்கிறது என்றாள். சில நேரம் எறும்பு ஊர்கிறது, சில நேரம் முள் குத்துகிறது. போர்வை பட்டால் கூடத் துடித்துப்போகிறாள் என்று அம்மாக்கண்ணு வந்து சொன்னாள்.

"சூடு அண்ணே. ஒடம்பு சூடு. வெயில்ல நின்னு நின்னு உள்ள ஏறிக்கிச்சி. மருதாணி அரைச்சி வெச்சேன், வெளக்கெண்ண தடவனேன், கேக்கல."

"தண்ணியில வெக்கச் சொல்லு" என்றேன். நான்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து தனகோட்டி வீட்டுக்கு வந்ததும் வாசலில் பிளாஸ்டிக் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சோறு தின்பது அதில், கீரை ஆய்வது அதில், செல்போனில் ஓசூர் கம்பெனியில் இருக்கிற மகளோடு பேசுவது அதில். விரலிடுக்கெல்லாம் ஊறி வெளுத்துப் பிளந்துபோனது. காலை எடுத்தால் எரிகிறது என்று மறுபடி விடுவாள். தெருவில் போகிறவர்கள், "இன்னா தனகோட்டி, நாத்து வுட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வீரமணி அழைத்துப்போனான். சுகர் பார்த்தார்கள், இல்லை. காலில் கரண்டு வைத்து நரம்பு டெஸ்ட் எடுத்தார்கள், அதுவும் நன்றாகவே இருக்கிறது என்று தாள் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தனகோட்டிக்குக் கெட்ட காலம்.

"நார்மல்னு எழுதியிருக்குது. கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கான்" என்று வீரமணி அந்தத் தாளை என்னிடம் காட்டினான், எனக்கு இங்கிலீஷ் தெரிகிற மாதிரி.

"எரியுதுன்னா எரியுதுய்யா. நான் இன்னா நாடகமா ஆடுறேன்?" தொட்டியிலிருந்து தனகோட்டி.

"எரிஞ்சா தாளுல வந்திருக்கணும் இல்ல?"

"தாளுக்குக் கால் இருக்குதா, எரியறதுக்கு?"

அம்மாக்கண்ணு என்னைப் பார்த்து, "பொண்ணு தூரமா போயிட்டா இல்ல அண்ணே, அந்த ஏக்கம். மனசுல இருக்குறது கால்ல எறங்கியிருக்குது" என்றாள்.

நான் நேராகவே கேட்டேன். "ஏம்மா, வேல கசந்துபோச்சின்னா கசந்துபோச்சின்னு சொல்லிட்டுப் போயேன். பதினெட்டு வருஷம் செஞ்சிட்ட. எதுக்கு இந்தக் கூத்து?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். "நீங்களுமா மாமா" என்றாள். அதோடு சரி. நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி எடுத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

சித்திரை வந்தது. எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், மூன்று பக்கமும் மலை, மூன்றும் வெறும் பாறை. பகலில் வாங்கின சூட்டைப் பாறை விளக்கு வைத்த பிறகும் விட்டுக்கொண்டிருக்கும். அப்படி ஒரு நாள் பகல் ஒரு மணி. பெண்கள் எல்லாம் ஓட்டமும் நடையுமாகப் புளியமரத்து நிழலுக்கு வந்துவிட்டார்கள். நெல் மேல் நடக்கும்போது அவ்வளவு தெரியாது. வெறும் சிமெண்டுத் தரையைத் தாண்டும்போது தோசைக்கல் மாதிரி இருக்கும், குதித்துத்தான் தாண்ட வேண்டும். தனகோட்டி மட்டும் வெறும் சிமெண்டில் நின்றுகொண்டு, கூடக் களத்தில் நடக்கிற ரஞ்சிதத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். ரஞ்சிதம் சாக்கை மிதித்துக்கொண்டு நிற்கிறாள், இவள் வெறும் காலில். அவசரமே இல்லாமல், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"ஏய், கால் வேவுது, இப்டி வாடி!" என்று கத்தினேன்.

"எங்க மாமா?" என்று குனிந்து பார்த்தாள். அப்போதும் நகரவில்லை.

நிழலுக்கு வந்து உட்கார்ந்து காலைத் திருப்பினால், இரண்டு பாதத்திலும் கொப்புளம். எலுமிச்சம்பழம் பாதியை ஒட்டவைத்த மாதிரி. ரஞ்சிதம் வாயில் அடித்துக்கொண்டாள். தனகோட்டி அந்தக் கொப்புளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாருடைய காலோ என்கிற மாதிரி.

அதைவிட மோசமானது மறுநாள் தெரிந்தது. அன்று அவள் "போதும்" என்று சொன்னது நேரம் தப்பிச் சொன்னது. நெல் அளவுக்கு மேல் காய்ந்துவிட்டிருந்தது. அரைத்தால் பாதி நொய். முதலாளி ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துவந்து அவள் முன்னால் விரித்துக் காட்டினார்.

"இன்னாம்மா இது? ரவையா?"

அவள் அந்த நொய்யை விரலால் கிளறிப் பார்த்தாள்.

"கால் சரியாவுற வரிக்கும் தவிட்டு ரூமைப் பெருக்கு. பதம் ரஞ்சிதம் பாக்கட்டும்."

அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன். கொப்புளத்துக்கு அழவில்லை. இதற்கு அழுதாள். களத்தில் தினமும் பத்துப் பெண்கள் நடக்கிறார்கள், பதம் சொல்வது ஒருத்தி. அந்த ஒருத்தியாக இருந்துவிட்டுத் தவிட்டு ரூமுக்குப் போவதென்றால், இனிமேல் மூட்டை தூக்காதே என்று என்னிடம் சொன்ன நாளில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும்.

பாண்டிச்சேரியில் நரம்புக்கென்றே ஒரு டாக்டரம்மா இருப்பதாக மகள் ஓசூரிலிருந்து விசாரித்துச் சொன்னாள். வீரமணிக்கு அறுவடை நேரம், வண்டியை விட்டு வர முடியாது. அம்மாக்கண்ணுக்கு பஸ் ஏறினால் வாந்தி. "அண்ணே, நீ கூடப் போய்ட்டு வா. நீ போனா எவனும் ஏமாத்த மாட்டான், உன் மூஞ்சப் பாத்தாலே பயப்படுவான்" என்றாள். திண்டிவனத்தில் பஸ் மாறிப் போனோம். பஸ்ஸில் தனகோட்டி செருப்பைக் கழற்றிக் காலை ஜன்னல் காற்றில் நீட்டிக்கொண்டே வந்தாள். முன்சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் மறுபடி திரும்பவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசு. காது கொடுத்துக் கேட்டாள், அது எனக்கு ஆச்சரியம். கண்ணை மூடச் சொல்லிவிட்டு இரண்டு கண்ணாடிக் குழாய், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் ஐஸ் தண்ணீர். பாதத்தில் வைத்தாள்.

"இது சூடா, ஜில்லா?"

"ஏதோ படுதுங்க. சூடா ஜில்லான்னு தெரியல."

முழங்காலுக்கு மேலே வைத்தாள்.

"அய்யோ, சுடுதுங்க!"

பிறகு ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் கட்டைவிரலில் வைத்தாள். "கிர்ருனு அதிருதுங்க" என்றாள் தனகோட்டி. விரலை மேலே தூக்கினால் மேலே என்கிறாள், கீழே இறக்கினால் கீழே என்கிறாள். பஞ்சால் தொட்டாலும் தெரிகிறது.

"எல்லாந்தான் தெரியுதே அவளுக்கு" என்றேன்.

"அதான் விஷயமே பெரியவரே" என்றாள் டாக்டரம்மா. "முன்னாடி எடுத்த டெஸ்ட் தப்பு இல்ல. அது தடிச்ச நரம்பத்தான் பாக்கும். அசைவு, அதிர்வு இதெல்லாம் அதுல போவுது. அது நல்லாருக்கு. சூடு, குளிர், வலி, இது வர்றது ரொம்ப மெல்லிசான நரம்புல. தோல் வரைக்கும் வந்து முடியறது. அது கெட்டா அந்த மெஷினுக்குத் தெரியாது."

தனகோட்டி தன் மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினாள். "எடைமேடை இருக்குதுங்களே, லாரிய நிறுத்தி எட போடறது. அதுல என் மூக்குத்திய வெச்சா முள்ளு அசையுமா? அசையாது. அதுக்காவ மூக்குத்தி இல்லன்னு ஆயிடுமா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். "இத நான் எல்லாருக்கும் சொல்லப்போறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அது கெடக்கட்டும்மா. எரியுதுன்றா. ஆனா சிமெண்டு சுட்டா தெரியலன்றா. எரியறதும் தெரியாததும் ஒரே கால்ல எப்படிம்மா?"

"கெட்டுப்போன நரம்பு சும்மா இருக்காது பெரியவரே. நெருப்பு இல்லாதப்போ நெருப்புன்னு கத்தும். நெசமா நெருப்பு வந்தா வாயத் தெறக்காது."

"எங்க தெரு நாயும் அப்டித்தான்" என்றேன்.

கணுக்காலுக்கு மேலே மரத்துப்போகிற ஊசி போட்டு, பயறு அளவுக்குத் தோலை எடுத்து, எங்கேயோ அனுப்பினார்கள். அதில் நரம்பை எண்ணுவார்களாம். பயறுக்குள் என்னத்தை எண்ணுவது? நான் கேட்டேன். பூதக்கண்ணாடியில் எண்ணுவார்கள் என்றாள். ரத்தம் வேறு ஏழெட்டுக் குழாய். சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து ஒரு தரம், வைட்டமின், தைராய்டு, என்னென்னவோ.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. இருக்கவேண்டிய நரம்பில் கால் பங்குகூடக் கணுக்காலில் இல்லையாம். சர்க்கரையும் இல்லை, வைட்டமின் குறையும் இல்லை. எதனால் வந்தது என்று தெரியவில்லை, நிறையப் பேருக்குத் தெரிவதில்லை என்றாளாம் டாக்டரம்மா. ஒரு நம்பர் கிடைத்துவிட்டது, தெரு உடனே நம்பிவிட்டது. நாற்றுத் தொட்டி என்று கேலி பேசினவர்கள் ஆரஞ்சுப்பழம் வாங்கிவந்து பார்த்தார்கள். வீரமணி என் வீட்டுக்கு வந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"தப்பு பண்ணிட்டேன் மாமா. அவ கத்தும்போது போர்வையைத் தூக்கி மூஞ்சில அடிச்சிருக்கேன்."

"காரணம் தெரியலன்றாங்க. பேர மட்டும் கண்டுபுடிச்சிட்டாங்களா?" என்றேன்.

அவன் ஒன்று செய்தான். வண்டியின் தார்ப்பாய்க்குப் போடுகிற பழைய வளைவுக் கம்பி ஒன்றை அறுத்து, கட்டிலின் கால்மாட்டில் பொருத்தினான். போர்வை கம்பி மேல் கிடக்கும், காலில் படாது. அன்றுதான் அவள் நாலு மாசத்துக்குப் பிறகு விடியும் வரை தூங்கினாளாம். மாத்திரையும் ஒன்று கொடுத்திருந்தார்கள். முதல் பத்து நாள் அதைத் தின்றுவிட்டுத் தலை சுற்றுகிறது என்றாள், பிறகு பழகிவிட்டது. எரிச்சல் போகவில்லை. பத்தில் எட்டு என்பது பத்தில் நாலு ஆயிற்று என்றாள்.

தொட்டியைக் கவிழ்த்துவிட்டார்கள். தண்ணீரில் ஊறவே கூடாதாம். குளிக்கிற வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். வெறுங்காலோடு எங்கேயும் நடக்கக்கூடாது, வீட்டுக்குள்ளும் கூட. சாயங்காலம் உள்ளங்காலைத் தினமும் பார்க்க வேண்டும், அடிபட்டால் அவளுக்குத் தெரியாது என்பதால். இந்த வேலையை அம்மாக்கண்ணு எடுத்துக்கொண்டாள். மருமகள் காலைத் தன் மடியில் வைத்து, செல்போன் லைட்டை அடித்து, ரேஷன் அரிசியில் கல் பார்க்கிற மாதிரி விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பாள்.

"மாமியா மடியில கால் நீட்டுற மருமவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்டி."

"நீ மட்டும் என் காலுக்கு மருதாணின்னு எத்தினி நாளு பச்ச எலய அரைச்சி வெச்ச? அந்தப் பாவத்துக்குப் பாரு அத்தே, பாரு."

"செருப்போட சமையக்கட்டுக்குள்ள வராளே, அதையும் பாத்துக்கினுதான் இருக்கேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள் அம்மாக்கண்ணு. சொன்னாளே தவிர, அந்தச் செருப்பை வாங்கிவந்தது அவள்தான்.

தவிட்டு ரூம் வேலைக்குத் தனகோட்டி போய்க்கொண்டிருந்தாள். அங்கே செருப்புப் போடத் தடையில்லை. ஆனால் ஆவணி மாசம் ஒரு திங்கட்கிழமை காலை, நெல்லைக் கொட்டிப் பரப்பியாகிவிட்ட நேரத்தில், அவள் களத்து ஓரத்தில் வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி எடுத்தாள். உட்கார்ந்து, காலுறையை உதறிப் பார்த்து, ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். எழுந்தாள்.

நான் காக்கை ஓட்டுகிற கொம்பைக் குறுக்கே நீட்டினேன்.

"நில்லு. இன்னா இது?"

"ஷூ மாமா."

"தெரியுது. எங்க வெக்கப்போற அத?"

"நெல்லு மேல."

"என் பொணத்து மேல வெச்சிட்டு அப்பறம் வை."

பெண்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். தனகோட்டி கத்தவில்லை. "இது ரோட்டு மண்ண மிதிக்கல மாமா. கடையிலேர்ந்து பையிலயே வந்துது. களத்துல மட்டும் போடுவேன், களத்துலயே கழட்டுவேன். தோல் இல்ல, துணியும் ரப்பரும்."

"ரப்பரா இருந்தா? செருப்பு செருப்புதான். லட்சுமிய மிதிப்பியா?"

"வெறுங்கால்ல மிதிச்சா மட்டும் மிதிக்கலயா? பதினெட்டு வருஷமா மிதிச்சிக்கினுதான இருக்கேன்."

ரஞ்சிதம் சிரித்தாள். நான் முறைத்தேன். அவள் இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

"அறுத்த கதிர தார் ரோட்டுல போட்டு பஸ்ஸையும் லாரியையும் ஏத்தறாங்களே, அந்த டயரு எது எதையெல்லாம் மிதிச்சிட்டு வருது?" என்றாள் தனகோட்டி. "அப்ப லட்சுமி எங்க போயிருந்தா? டீ குடிக்கவா?"

"டயரு வேற, கால் வேற."

"எப்டி வேற?"

எப்படி வேறு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வேறுதான். சொல்லத் தெரியாததெல்லாம் பொய்யாகிவிடுமா? அவளுடைய எரிச்சல் மட்டும் மெஷினுக்குத் தெரியாமலேயே நிஜமாக இருக்கலாம், என்னுடைய உறுத்தல் கூடாதா? இதை அன்று கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கேட்டிருப்பேன்.

அதற்குள் அம்மாக்கண்ணு வந்துவிட்டாள். மில் கேட்டுக்குள் அவள் வந்து நான் பார்த்ததே இல்லை. தட்டில் மஞ்சள், குங்குமம், கற்பூரம். மருமகளை நிற்கவைத்து, ஷூ முனையில் இரண்டுக்கும் மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தாள். கற்பூரம் காட்டினாள்.

"ஆயுத பூசைக்கு டிராக்டருக்குப் பொட்டு வெக்கறமே அண்ணே, அதுமாரி. இது அவளுக்கு ஆயுதம். தாயே, குத்தமா நெனைக்காத" என்று நெல்லைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "கொம்ப எடு, வயசானவன் கை வலிக்கப்போவுது."

முதலாளி வந்தார். அவருக்குச் சாமி பயமும் உண்டு, நொய் பயமும் உண்டு. ரஞ்சிதம் பதம் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து நாலில் ஒரு களம் தப்பிக்கொண்டிருந்தது. தலையைச் சொறிந்தார்.

"சூடு தெரியலன்ற. காலுக்கு ஷூவ வேற மாட்டிக்கின. அப்புறம் எப்டிம்மா பதம் சொல்லுவ?"

"சூட்ட வெச்சி சொல்லிக்கினு இருந்தேங்க, அதான் அன்னைக்குத் தப்பிப்போச்சி. இப்ப அது போயிடுச்சி. ஆனா நெல்லு உருள்றது தெரியும். ஈர நெல்லு ஒட்டிக்கினு நவுரும், காஞ்ச நெல்லு கலகலன்னு ஓடும். டாக்டரம்மா சொன்னாங்க, அந்த நரம்பு எனக்கு நல்லா இருக்குதுன்னு. ஷூவோட மிதிச்சாலும் தெரியுது, வீட்டுல முறத்துல கொட்டி பாத்துட்டேன். மீதிக்குப் பல்லு இருக்குது, காது இருக்குது, கை இருக்குது. கைக்கு ஒண்ணுமில்ல."

"ஒரு நாளு பாக்கலாம்" என்றார் முதலாளி. "களத்த ரெண்டா பிரி. வடக்குப் பக்கம் ரஞ்சிதம், தெக்குப் பக்கம் தனகோட்டி. அரைச்சா தெரிஞ்சிடும். தப்பிப்போச்சின்னா தவிட்டு ரூம்தான், அப்பறம் கேக்கக்கூடாது."

"கேக்க மாட்டேன்" என்றாள்.

நான் கொம்பை எடுத்தேன். அவள் கால் வைத்தாள். வெள்ளை ஷூ நெல்லுக்குள் புதைந்து, சால் இழுத்துக்கொண்டு போனது. நான் திரும்பி நின்றுகொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது. பத்துப் பேர் காலும் ஒரே மாதிரி சரக்கு சரக்கு என்றுதான் கேட்டது, எது ஷூ என்று பிரிக்க முடியவில்லை.

மணிக்கு ஒரு தரம் நிழலுக்கு வந்து ஷூவையும் காலுறையையும் கழற்றிக் காலைத் துடைத்து, நெல் மணி ஏதாவது உள்ளே போயிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள். கூழும் பச்சை மிளகாயும் சாப்பிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு, ஈரம் ஒரே மாதிரி பரவட்டும் என்று குமித்து மூடினார்கள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விரித்தார்கள். மத்தியானத்துக்கு மேல் அவள் நடை குறைந்தது. நிற்பாள், காலால் தள்ளுவாள், தலையைச் சாய்த்துக் கேட்பாள். குனிந்து நாலு இடத்தில் எடுத்துக் கடைவாயில் வைத்து உடைப்பாள். முன்பெல்லாம் ஒரே தரம் நின்று சொல்லிவிடுவாள். இப்போது ஏழெட்டுத் தரம்.

இரண்டரை மணிக்கு, "போதும், குமிங்க" என்றாள்.

நான் தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு மணி எடுத்துக் கடித்தேன். "இன்னும் அரை மணி நேரம் வேணும்" என்றேன்.

"வேணாம் மாமா."

"எழுபது வருஷமா நெல்லு கடிக்கிறேன்."

"பல்லு எத்தினி வருஷமா இல்ல?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் காக்கை பறந்தது. கட்டிய பல்தான், ஒத்துக்கொள்கிறேன். குமித்தார்கள். ரஞ்சிதம் தன் பக்கத்தை அரை மணி நேரம் கழித்துத்தான் குமிக்கச் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் அரைத்தார்கள். முதலாளி இரண்டு கையிலும் அரிசியை ஏந்திக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார். வடக்குப் பக்கத்தது பரவாயில்லை, நொய் கொஞ்சம் அதிகம். தெற்குப் பக்கத்தது முழு முழு அரிசியாக, நீளமாக, நெடுக வெட்டி அடுக்கின மாதிரி இருந்தது. அந்த அரிசியை அப்படியே தனகோட்டியின் முந்தானையில் கொட்டினார்.

"நாளைலேர்ந்து களம்" என்றார். "ஆனா ஷூவ தெனம் தொவைக்கணும்."

"சாயங்காலம் தொவைச்சி வண்டி மேல காயவெச்சிடுவேங்க. அவரே தொவைச்சிடுவாரு."

வீரமணி மூட்டை ஏற்ற வந்திருந்தான். "எது, நானா?" என்றான். அவள் அவனைப் பார்த்தாள். "தொவைக்கிறேன்" என்றான்.

தனகோட்டி என் பக்கம் வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் தூக்கி உள்ளங்காலைக் காட்டினாள். பழைய கொப்புளத்தின் தழும்பு இருந்தது. புதிதாக ஒரு கீறல் இல்லை.

"எரியுதா?" என்றேன்.

"எரியுது மாமா. இப்பவும் எரியுது. நாளைக்கும் எரியும். அது பாட்டுக்குக் கத்திக்கினு இருக்கட்டும், நான் பாட்டுக்கு நடக்கிறேன். அது சொல்றது நெசமில்லன்னு தெரிஞ்சிபோச்சி. அது தெரியாம இருந்தப்பதான் பயம்."

"நேத்து வெயிலு நல்ல வெயிலு" என்றேன். "இந்த வெயிலுக்கு எவ காயவெச்சாலும் அரிசி முழுசாத்தான் வரும். மழக்காலத்துல பாக்கலாம்."

"பாருங்க."

"லட்சுமி விஷயம் தனி. அதுல நான் எறங்கிவர மாட்டேன்."

"நீங்க எறங்காதீங்க மாமா. நீங்க எறங்கிட்டா அப்பறம் காக்கா யார ஓட்டுறது?" என்று சிரித்தபடி அம்மாக்கண்ணுவிடம் கொடுக்க அந்த அரிசியை முடிச்சாகக் கட்டினாள். "வூட்டுக்கு வாங்க, இத வடிச்சி கொழம்பு வெக்கறேன். சாப்ட்டுப் போவீங்க."

வேண்டாம் என்றேன். பசி இருந்தது, ஆனாலும் வேண்டாம் என்றேன். ஒரு நாள் அரிசியை வைத்துக்கொண்டு ஒருத்தனை ஒத்துக்கொள்ள வைக்க முடியாது. மெஷின் பார்க்காத நரம்பு, காரணம் தெரியாத வியாதி, நெல் மேல் பூட்ஸ், இதையெல்லாம் ஒரே வருஷத்தில் விழுங்கு என்றால் எப்படி? களத்தில் மறுநாளைக்கான நெல் ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. அதன் ஓரமாகவே சுற்றிக்கொண்டு, கேட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தேன். இன்றைக்கு வரை எனக்கு மனசு ஒப்பவில்லை.